லோட் ஒஃப் த ரிங்ஸ் இசையை நாவல் வாசித்தவர்களுக்கு எப்படிக் கேட்கவைப்பது? (வாசிகசாலை மண்டபம், 75 நிமிடம், இரண்டு ஸ்பீக்கர்)

சங்குமுனை
வணக்கம். திருகோணமலை நகரத்தில ஒரு வாசகர் வட்டம், டோல்கினின் மூன்று தொகுதியையும் முடிச்சாச்சு. படத்தைத் திரும்பப் போடாமல் ஹோவர்ட் ஷோரின் இசையை மட்டும் ஒரு பின்னேரம் இருந்து கேட்கிறது எண்டு முடிவு. ஆட்கள் 25 பேர் வரை. பாதிப் பேருக்குக் கர்நாடக சங்கீதம் பழக்கம், மேற்கத்திய ஓர்கெஸ்ட்ரா ஒருத்தருக்கும் பெரிசாப் பழக்கமில்லை.

மண்டபம் 30 அடிக்கு 20 அடி, சீமெந்துத் தரை, கண்ணாடி லூவர் யன்னல், சீலிங் ஃபேன் நாலு. ஐந்து அங்குல வூஃபர் உள்ள புத்தகத்தட்டு ஸ்பீக்கர் ஒரு சோடி, 50 வாட் அம்ப், ஒரு லப்டொப்.

எதைப் போடலாம், எந்த வரிசையில, எவ்வளவு கதைக்கலாம்? தெரிஞ்சவை சொல்லுங்கோ.

உவர்மலை
முதலில் ஒன்று. இந்த மூன்று படங்களுக்கும் ஷோர் எழுதிய கரு மெட்டுகள் (ஒரு இடத்தையோ கூட்டத்தையோ குறித்துத் திரும்பத் திரும்ப வருபவை) எண்பதுக்கு மேல். அதில் பத்தை அறிமுகப்படுத்தினாலே 25 பேரும் களைத்துவிடுவார்கள். மூன்றை மட்டும் எடுங்கள்: ஹொபிட்களின் ஊரான ஷயர், மோதிரத்தோடு புறப்படும் ஒன்பது பேரின் ஃபெலோஷிப், மனிதரின் நாடான கொண்டோர். நாலாவதாக, மந்திரவாதி சாருமானின் கோட்டையான ஐசன்கார்டின் தாளம். அவ்வளவும் போதும்.

பெரும்பாலானோர் ஓர்கெஸ்ட்ராவைக் கேட்கும்போது "இது சோகம், இது வீரம்" என்று பெயர் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். நாவலில் இருந்து வந்த இசைக்கு அது போதாது. ஒரு மெட்டை அடையாளம் பிடித்து, அது அடுத்த முறை எந்த வாத்தியத்தில், எவ்வளவு மிச்சத்தோடு வருகிறது என்று பின்தொடர்வதுதான் இங்கே ரசனை. பாத்திரத்தை அத்தியாயம் அத்தியாயமாகப் பின்தொடர்ந்தவர்களுக்கு இது புதிய வேலையே அல்ல.

ஷயர் மெட்டிலிருந்து தொடங்குங்கள். உங்களுடைய கர்நாடகக்காரருக்கு இப்படிச் சொல்லலாம்:

ச ரி க – ப – க ரி ச
க ப த – ச் – நி ப க ம க ரி

முதல் அடி அச்சு மோகனம். இரண்டாம் அடியில் நி வந்து, பின்னாலேயே ம வந்ததும் மோகனம் உடைந்து சங்கராபரணத்தின் சுரங்களாகிவிடுகிறது. முதல் தடவை பாடிக் காட்டுங்கள், பிறகு "கன்சர்னிங் ஹொபிட்ஸ்" துண்டைப் போடுங்கள். மூன்று நிமிடத்துக்குள் முடியும். விசில் தொடங்கும், பிறகு பிடிலுக்குக் கைமாறும்.

ஒரு எச்சரிக்கை: ராகத்தின் பெயர் சொன்னதும் சிலர் கமகம் தேடத் தொடங்குவார்கள். இங்கே சுரம் நேராக நிற்கும். அசைவது அடியில் உள்ள ஒத்திசைவு. "மேலே மெட்டு அப்படியே நிற்க, கீழே செலோவும் டபுள் பேஸும் எங்கே இறங்குகின்றன என்று பாருங்கள்" என்று ஒரு வசனம் சொன்னால் காது சரியான இடத்துக்குப் போகும்.

ஒலிப்பெட்டி
> கீழே செலோவும் டபுள் பேஸும் எங்கே இறங்குகின்றன

போன் ஸ்பீக்கரில கேட்டுட்டு வாற ஆட்களுக்கு இது தெரியவே தெரியாது. செலோவின் ஆகக் கீழ்ச் சுரம் 65 ஹேர்ட்ஸ், டபுள் பேஸின் கீழ்த் தந்தி 41. போன் சில நூறு ஹேர்ட்ஸுக்குக் கீழ ஒண்டும் தராது. மேல்சுரங்களை வைச்சு மூளை ஊகிக்குமே தவிர, எடை வராது. "இந்த இசை மெலிஞ்சு கிடக்கு" எண்டு சொல்ற பாதிப்பேர் போனிலதான் கேட்டிருப்பினம்.

உங்கட ஐந்து அங்குல சோடி 60 ஹேர்ட்ஸ் வரை ஓரளவு இறங்கும். போதும். இனி மண்டபம்:

20 அடிச் சுவர்ப்பக்கம் ஸ்பீக்கர் ரெண்டையும் வையுங்கோ, 30 அடி நீளத்தைப் பார்த்தபடி. ரெண்டுக்கும் இடையில 8 அடி. பின்சுவரில இருந்து இரண்டரை அடியாவது தள்ளி. சுவரோட ஒட்டினால் பேஸ் வீங்கி டிம்பனியும் டபுள் பேஸும் ஒரே உறுமலாப் போகும். மேல் டுவீட்டர் இருக்கிற ஆளின்ர காது மட்டத்துக்கு, தரையில இருந்து மூண்டரை அடி. மேசையில வைக்கிறதெண்டால் மேசை விளிம்புவரை முன்னுக்கு இழுங்கோ, இல்லாட்டில் பலகையில பட்டுத் திரும்புற சத்தம் வயலினைக் கரகரப்பாக்கும். முன்வரிசை 8 அடி தள்ளி. கதிரையை அகலமாப் போடாமல் ஒடுக்கமா ஐந்து ஐந்தா ஐந்து வரிசை போடுங்கோ. ஓரத்தில இருக்கிறவருக்கு ஒரு ஸ்பீக்கர்தான் கேட்கும். முதல் வயலின்கள் இடப்பக்கம், பேஸ் வலப்பக்கம் எண்ட பிரிவு அவருக்குக் கிடைக்காது.

வெறும் மண்டபத்தில கைதட்டிப் பாருங்கோ. சீமெந்தும் கண்ணாடியும் சேர்ந்தால் "டங்" எண்டு ஒரு இழுவை வரும். முன்வரிசைக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில ரெண்டு பாய், யன்னலுக்குத் தடிச்ச சீலை. ஆட்கள் வந்து இருந்தாப் பிறகு மிச்சமும் குறையும்.

கச்சான்காத்து
எல்லாம் சரி. ஆனால் ஃபேன்? மே மாதம் தொடக்கம் கச்சான் அடிக்கிற நாளில ஃபேன் நிப்பாட்டினால் ஆட்கள் எழும்பிப் போயிடுவாங்க.

ஒலிப்பெட்டி
நியாயமான கேள்வி. நாலு சீலிங் ஃபேனும் முழு வேகத்தில ஓடினால் மண்டபம் 50 டெசிபெலுக்குக் கிட்ட நிக்கும். இந்த இசையில மெல்லிய இடத்துக்கும் உச்சத்துக்கும் இடையில 25 டெசிபெல் சுலபமா வரும். விசில் தனியா வாற இடம் ஃபேனுக்குள்ள மூழ்கும்.

செய்யவேண்டியது: ஸ்பீக்கருக்கு மேல இருக்கிற ரெண்டையும் முழுசா நிப்பாட்டுங்கோ, பின் ரெண்டையும் ஆகக் குறைஞ்ச வேகத்தில விடுங்கோ. துண்டு ஒண்டும் எட்டு நிமிடத்தைத் தாண்டாது. இடையில கதைக்கிற நேரம் எல்லாத்தையும் போடலாம். ஃபேன் சிறகுக்குக் கீழ ஸ்பீக்கர் இருந்தால் இன்னொரு வில்லங்கம்: நீண்ட வயலின் சுரம் நடுங்குற மாதிரி வெட்டி வெட்டிக் கேட்கும்.

சத்தம் வைக்கிற முறையிலதான் எல்லாரும் பிழைக்கிறவை. முதல் துண்டு மெல்லிசாத் தொடங்குது எண்டு வோல்யூமைக் கூட்டிப்போட்டு, குள்ளரின் சுரங்கமான மோரியா வந்ததும் ஓடிப்போய்க் குறைப்பினம். அப்படிக் குறைச்சால் உச்சம் உச்சமா இருக்காது. ஆட்கள் வர முதலே, பட்டியலில ஆகச் சத்தமான இடத்தைப் போட்டு, அது கரகரக்காமல் நிக்கிற அளவுக்கு அம்பை வைச்சுப்போட்டு, குமிழில ஒரு துண்டு ரேப் ஒட்டி விடுங்கோ. பிறகு தொடவேண்டாம்.

லப்டொப்பில ஈக்குவலைசர், பேஸ் பூஸ்ட், சரவுண்ட் எல்லாம் ஓஃப். இசைச் செயலியில சத்தத்தைச் சமப்படுத்துற வசதி ஒண்டு இருக்கும். அதையும் ஓஃப், அல்லது அல்பம் முறைக்கு மாத்துங்கோ. அது ஒவ்வொரு துண்டா அளந்து சமப்படுத்தினால் ஷயர் விசிலும் மோரியா முரசும் ஒரே உயரத்தில வந்து நிக்கும்.

லயப்பித்து
ஐசன்கார்ட் பற்றி ஒருவரும் தொடவில்லை, அதனால் நான்.

அது ஐந்து எண்ணிக்கை. கீழ்ப் பித்தளை வாத்தியங்கள் மெட்டைச் சொல்ல, அடியில் பட்டடை, உலோகத் தகடு, பெரிய முரசுகள் எல்லாம் ஐந்தை விடாமல் அடிக்கும். மேற்கத்தியப் படக் காது நாலுக்குப் பழகியது. நாலு தட்டிக்கொண்டு போனால் இரண்டாவது சுற்றிலேயே கை தவறும். அந்தத் தவறல்தான் அந்த இடத்தின் அச்சம். நம் ஆட்கள் தகதகிட சொல்லி வளர்ந்தவர்கள், அவர்களுக்குத் தவறாது. அதனால் பயப்படுவதற்குப் பதிலாகத் தலையாட்டத் தொடங்கிவிடுவார்கள்! கேட்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்: இது இயந்திரத்தின் ஐந்து, துள்ளல் இல்லை, நடை மாறாது, தீர்மானம் (முத்தாய்ப்பு) வைக்காது.

"கண்ட நடை" என்று சிலர் எழுதுவார்கள். கண்ட நடை என்றால் ஒவ்வொரு தட்டும் ஐந்தாகப் பிரிவது. இங்கே தட்டே ஐந்து. கையில் போடுவதானால் ஒன்று முதல் ஐந்து வரை விரல் மடக்கச் சொல்லுங்கள், அதுவே நேர்.

எதிர்ப்பக்கம் ஒன்றும் உண்டு. முதல் படத்தில் கோபுர உச்சியில் சிறைப்பட்ட கண்டால்ஃபிடம் அந்துப்பூச்சி வரும் இடத்தில், ஒரு சிறுவனின் குரல் தனியாக உயரும். இரும்புச் சத்தத்துக்கு எதிராக இயற்கையின் மெட்டு அது. இரண்டாம் படத்தில் என்ட் மரங்கள் ஐசன்கார்டை நோக்கி நடக்கும்போது அதே மெட்டு, அதே மாதிரிச் சிறுவன் குரலோடு, பெருங்குழுவும் சேர்ந்து வரும். என்ட்களுக்கு மரத்தாலான தாள வாத்தியங்கள், ஐசன்கார்டுக்கு இரும்பு. நாவலில் டோல்கின் பக்கம் பக்கமாகச் சொன்ன பகையை ஷோர் எந்தப் பொருளைத் தட்டுவது என்ற தெரிவிலேயே முடித்துவிட்டார்.

உவர்மலை
லயப்பித்து சொன்னது பொன். "த ட்ரீசன் ஒஃப் ஐசன்கார்ட்" துண்டில் அந்த ஐந்து கிடைக்கும், நாலு நிமிடம்தான்.

இனி ஃபெலோஷிப் மெட்டு. அதன் விதை மூன்று சுரம்: ச, அதற்குக் கீழே நி (கைசிகி நிஷாதம், ஒரு முழுச்சுரம் கீழே), திரும்ப ச. ஒரு அடி வெளியே வைத்து வீட்டுக்குத் திரும்புவது. இரண்டு பேர் ஊரை விட்டுப் புறப்படும்போது சின்னதாக வரும், ஆள் சேரச் சேர நீளும், ஒன்பது பேரும் சேர்ந்த பிறகு பித்தளை வாத்தியங்கள் முழுவதாகச் சொல்லும். அந்த முழு வடிவத்தை "த ரிங் கோஸ் சௌத்" துண்டில் பிடிக்கலாம், இரண்டு நிமிடம்.

அடுத்தது "த பிரிட்ஜ் ஒஃப் கசாத்-தூம்", ஆறு நிமிடம். ஆண்குரல் கூட்டம் குள்ளர் மொழியான குஸ்துலில் முழங்கும். மோரியாப் பகுதிக்கு நியூசிலாந்தின் ஆண் குரல்களை, மவோரி, சமோவாக் குரல்கள் உட்பட, பதிவு செய்தார்கள்; மற்ற இசையில் பெரும்பகுதி லண்டன் பில்ஹார்மொனிக். முழக்கத்துக்கு நடுவே ஃபெலோஷிப் மெட்டு ஓடிக்கொண்டே வரும். கண்டால்ஃப் விழுந்ததும் தாளம் முழுவதும் அறுந்து தனிக்குரல் மட்டும். இதற்குப் பிறகு அந்த மெட்டு பழைய முழுமையோடு திரும்புவது அரிது. இரண்டாம் மூன்றாம் படங்களில் துண்டு துண்டாகத்தான் பெரும்பாலும்.

கொண்டோர் மெட்டு இன்னும் அழகான விஷயம். முதல் படத்தில் எல்ரொண்டின் சபையில் போரொமிர் தன் நாட்டைப் பற்றிப் பேசும்போது ஹோர்னில் ஒதுங்கி ஒரு தடவை வரும், தெரியாதவர் கவனிக்கமாட்டார். இரண்டு வருடம் கழித்து, 2003இல், மூன்றாம் படத்தில் மலைக்கு மலை தீபம் ஏறும்போது முழு ஓர்கெஸ்ட்ராவும் அதே மெட்டைப் பாடும். அல்பத்தில் "த வைட் ட்ரீ". கேட்போருக்கு முதலில் ஹோர்ன் சாயல், பிறகு தீபங்கள், இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். சபைக் காட்சியின் இசை 2005இல் வந்த முழுப் பதிப்பில்தான் வசதியாகக் கிடைக்கும். ஒரே இசைத்தட்டாக வந்த அல்பத்தில் தேடிக் களைக்கவேண்டாம்.

கச்சான்காத்து
நான் ஒன்றுக்கு மாறுபடுறன். இவ்வளவு விளக்கினால் ஆட்கள் இசையைக் கேட்பாங்களா, சோதனைக்கு விடை தேடுவாங்களா? படக் காட்சியோட போட்டால் தானா விளங்கிடும்.

லயப்பித்து
காட்சியோடு போட்டால் கண் வென்றுவிடும், வாள் சத்தமும் வசனமும் சேர்ந்து இசையின் கீழ்ப்பாதியைத் தின்றுவிடும். தீபக் காட்சி ஒன்றுதான் விதிவிலக்கு, அங்கே இசைக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

விளக்கம் பற்றி நீங்கள் சொல்வதில் பாதி சரி. முறை இப்படி இருக்கட்டும்: ஒன்றும் சொல்லாமல் ஒரு தடவை, இரண்டு நிமிடப் பேச்சு, திரும்ப அதே துண்டு. ஆறு துண்டையும் இப்படிச் செய்ய நேரம் போதாது. ஷயருக்கும் ஐசன்கார்டுக்கும் மட்டும்.

மூன்றாந்தொகுதி
வாசகர் வட்டம் என்பதால் நாவல் பக்கம் இருந்து சில.

டோல்கின் 1954–55இல் வெளியிட்ட நாவலில் ஹொபிட்கள் ஊர் திரும்பும்போது ஷயர் நாசமாகிக் கிடக்கும், மரம் வெட்டி, ஆலை வைத்து. ஒரு முழு அத்தியாயம். படத்தில் அது இல்லை. அதனால் ஷயர் மெட்டு கடைசியில் கெட்டுப்போகவேண்டிய தேவை ஷோருக்கு வரவில்லை. முடிசூட்டு விழாவில் எல்லாரும் நாலு ஹொபிட்களுக்கும் வணங்கும்போது அது பெருகி நிற்கும், பிறகு அடங்கும். புத்தகம் பிடித்தவர்கள் இதைக் குறையாகச் சொல்லலாம், நானும் சொல்வேன். ஐசன்கார்டின் ஐந்து தட்டு ஷயர் மெட்டுக்குள் புகுந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைக் கேட்கக் குடுத்துவைக்கவில்லை. விவாதத்துக்கு நல்ல கேள்வி, எழுதி வையுங்கள்.

இன்னொன்று, குழுப்பாடல் வரிகள் வெறும் ஒலி அல்ல. திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரான பிலிப்பா போயன்ஸ் எழுதியவற்றையும் நாவலின் வரிகளையும் மொழியியலாளர் டேவிட் சாலோ டோல்கினின் மொழிகளுக்கு மாற்றினார்: சிந்தாரின், க்வென்யா, குஸ்துல், அதூனாயிக். கறுப்புக் குதிரை வீரர்களுக்கு, மனிதரின் பழைய மொழியான அதூனாயிக். அவர்கள் ஒரு காலத்தில் மனித அரசர்கள் என்பது புத்தகம் வாசித்தவர்களுக்குத் தெரியும்.

பாத்திரங்களே பாடும் சில இடங்களுக்கு மெட்டு நடிகர்களுடையது. டெனெத்தோருக்கு முன் பிப்பின் பாடுவது நாவலின் நடைப்பாட்டு வரிகள், மெட்டு பில்லி பொய்ட் போட்டது. முடிசூட்டில் அரகோர்ன் பாடும் க்வென்யா வரிகளுக்கு விகோ மோர்ட்டென்சன்.

குதிரை வீரர்களின் நாடான ரோஹானின் மெட்டை விடாதீர்கள். அதில் ஹார்டாங்கர் பிடில், நோர்வேக்காரரின் வாத்தியம். வில் படும் நாலு தந்திக்குக் கீழே தொடாமலே அதிரும் நாலைந்து தந்திகள், சித்தாரின் தரப் தந்தி போல. அந்த மினுமினுப்பைக் காட்டினால் உங்கள் சங்கீதக்காரர் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

சங்குமுனை
அருமை. மூன்று கேள்வி. எங்களிட்ட இருக்கிறது இணையத்தில யாரோ ஏற்றின பிரதி. போதுமா? லப்டொப்பை அம்போட இணைச்சால் ஒரு உறுமல் வருது, என்ன செய்யலாம்? கடைசியா, "பொன்னியின் செல்வன்" இசையைச் சேர்க்கச் சொல்லி ஒருத்தர் நிக்கிறார்.

ஒலிப்பெட்டி
பிரதி போதாது. காப்புரிமைச் சோதனையில பிடிபடாமல் இருக்க வேகத்தையும் சுருதியையும் கொஞ்சம் மாத்தி ஏத்துறவை இருக்கினம். சோதிக்கிறது சுகம்: "கன்சர்னிங் ஹொபிட்ஸ்" மெட்டின் ச இரண்டு கட்டையில நிக்கவேணும். சுருதிப்பெட்டியை இரண்டு கட்டைக்கு வைச்சு ஒண்டாப் போடுங்கோ, சேராட்டில் அந்தக் கோப்பு பிழை. தட்டு வாங்கேலாட்டில் காசு கட்டின செயலியில ஆக உயர்ந்த தரத்தில இறக்கி வையுங்கோ. அண்டைக்கு இணையத்தை நம்பவேண்டாம். துண்டுகளுக்கு இடையில வெட்டு விழாத அமைப்பையும் போடுங்கோ.

உறுமல் 50 ஹேர்ட்ஸ். லப்டொப் சார்ஜர் ஒரு சொக்கட்டில, அம்ப் இன்னொரு சொக்கட்டில எண்டால் நிலத்தொடுப்பு வளையம் உண்டாகும். முதல் சார்ஜரைக் கழட்டிப்போட்டு பற்றரியில ஓட்டிப் பாருங்கோ. பெரும்பாலும் அங்கேயே நிண்டிடும். நிற்காட்டில் ரெண்டையும் ஒரே பலகைச் சொக்கட்டுக்கு மாத்துங்கோ. அதுவும் சரிவராட்டில் வயர். கடற்காத்தில 3.5 மில்லிமீட்டர் பிளக் பச்சை பிடிச்சிருக்கும். ஐசோபுரோப்பைல் தொட்ட துணியால துடைச்சு, சுழற்றிச் சுழற்றிப் பத்துத் தரம் செருகி எடுங்கோ. ஸ்பீக்கர் கோனைச் சுற்றியுள்ள வளையம் நுரைப்பஞ்சோ ரப்பரோ எண்டும் பாருங்கோ. பழைய நுரை எங்கட ஈரக்காத்தில பொடிஞ்சு போகும். விரலால தொட்டால் உதிருதெண்டால் மோரியா முரசுக்கு அது தாங்காது.

தயவுசெய்து கலியாண வீட்டுச் சவுண்ட் செட் எடுக்காதீங்கோ. அது குரலை வீதிவரை எறியச் செய்தது, வயலின் கூட்டம் அதில தகரம். வேற வழியே இல்லாட்டில் 2 முதல் 4 கிலோஹேர்ட்ஸ் வரை 3 டெசிபெல் இறக்கி, சப்வூஃபரை ஓஃப் பண்ணுங்கோ.

மூன்றாந்தொகுதி
பொன்னியின் செல்வனுக்கு வேறொரு நாள் வையுங்கள். 2022, 2023 படங்களில் ரஹ்மானின் இசை பாடல்களின் தோளில் நிற்கிறது. கேட்கும் முறை வேறு. ஒன்றாகப் போட்டால் பாட்டு வந்ததும் மண்டபம் கூடப் பாடத் தொடங்கும், மற்றது மறந்துபோகும்.

உவர்மலை
அப்படியானால் வரிசை: ஷயர் (இரண்டு தடவை), ஐசன்கார்ட் (இரண்டு தடவை), த ரிங் கோஸ் சௌத், கசாத்-தூம் பாலம், பத்து நிமிட இடைவேளை, த ரைடர்ஸ் ஒஃப் ரோஹான், சபையின் ஹோர்ன், த வைட் ட்ரீ, கடைசியாக த கிரே ஹேவன்ஸ். கேட்பது மட்டும் 35 நிமிடத்துக்குச் சற்று மேல். இடைவேளை போக, மிச்சம் பேச்சுக்கும் ஃபேனுக்கும்.

கசாத்-தூமுக்குப் பிறகு உடனே பேசவேண்டாம், இடைவேளையை விட்டுவிடுங்கள். அங்கே விளக்கம் சொல்லப் போனவர் எல்லாரும் தோற்றவர்கள்தான்.

ஒஸ்கார் பற்றிக் கேட்பார்கள்: முதல் படத்துக்கும் மூன்றாம் படத்துக்கும் இசைக்காகக் கிடைத்தது, மூன்றாம் படத்தின் பாட்டுக்கும் ஒன்று. இரண்டாவதற்குப் பரிந்துரைகூட இல்லை. ரோஹான் மெட்டைக் கேட்ட பிறகு அது எவ்வளவு அநியாயம் என்று அவர்களே சொல்வார்கள்.

கச்சான்காத்து
நேரம் ஒன்றையும் பாருங்க. மஃரிப் பாங்கு பொழுதுபட்டதும், இஷா அதுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல தள்ளி. மாதத்துக்கு மாதம் மாறும். மஃரிப் முடிஞ்சு தொடங்கி, இஷா நேரம் இடைவேளை வாற மாதிரி வைச்சால் ஒரு துண்டும் நடுவில அறாது. வெள்ளிக்கிழமை வேண்டாம், பத்திரகாளி அம்மன் கோவில் பக்கம் சனம் கூடும். திருவிழாக் காலமெண்டால் ஒலிபெருக்கி உங்கட ரெண்டு ஸ்பீக்கரையும் விழுங்கிடும், கலண்டரைப் பாத்துத் திகதி குறியுங்க.

சங்குமுனை
செவ்வாய் பின்னேரம் எண்டு எடுத்திருக்கு. சார்ஜரைக் கழட்டினதும் உறுமல் நிண்டது. பாய் ரெண்டும் கிடைச்சிட்டுது, சுருதிப்பெட்டி ஒராள் கொண்டுவாறார்.

ஒலிப்பெட்டி
பற்றரி 75 நிமிடம் தாங்குமா எண்டு முதல் நாளே ஓட்டிப் பாருங்கோ. திரையின் வெளிச்சத்தைக் குறைச்சு, வைஃபையை ஓஃப் பண்ணி விடுங்கோ. அறிவிப்புச் சத்தங்களையும்.